குழந்தை தூங்கிய பிறகு திறக்கும் கடை

ஈரோடு. இரவு பத்தே முக்கால். ஒற்றை அறையும் அடுப்படியுமாக ஒரு வாடகை வீடு. இன்னும் இரண்டு வயது நிரம்பாத மகன் தூளியில் தூங்குகிறான். மூச்சு சீராகிவிட்டதா என்று குனிந்து காது கொடுத்துக் கேட்டுவிட்டு, அம்மா ஸ்டூல் போட்டு ஏறிப் பரணிலிருந்து மரச்சட்டத்தை இறக்குகிறார். அதில் மெரூன் பட்டு இறுக்கிக் கட்டியிருக்கிறது. ரவிக்கையின் கழுத்து வளைவு முடிந்துவிட்டது, இரண்டு கைகளும் பாக்கி. முகூர்த்தம் ஞாயிற்றுக்கிழமை. இன்று வியாழன்.

ஆரி வேலையைப் பகல் வெளிச்சத்தில் செய்வதுதான் கண்ணுக்கு நல்லது. இந்த வீட்டில் அதற்கு வழியில்லை. குந்தன் கல், சுகர் பீட்ஸ், கட்பீட்ஸ், முத்து என்று அந்த டப்பாவில் இருப்பதெல்லாம் தவழும் பிள்ளையின் வாய்க்கு அளவெடுத்துச் செய்தவை போல இருக்கின்றன. போன தீபாவளிச் சமயம் ஒரு முத்து காணாமல் போனது. விழுங்கிவிட்டான் என்று பதறி, ஆட்டோ பிடித்து ஓடி, எக்ஸ்ரே எடுத்தார்கள். பிளாஸ்டிக் முத்து எக்ஸ்ரேயில் தெரியாது என்பதை எடுத்த பிறகுதான் சொன்னார்கள். மறுநாள் பாய் மடிப்பிலிருந்து அது உருண்டு விழுந்தது. ஆட்டோ, எக்ஸ்ரே, டாக்டர் எல்லாம் சேர்த்து 900 ரூபாய். அந்த ரவிக்கைக்குக் கிடைத்த கூலி 1,500. அன்றிலிருந்து சட்டம் பரணுக்குப் போய்விட்டது.

"நைட்டுதானுங்க நம்ம கடையே தொறக்கும்" என்று சிரிக்கிறார். ஊசியை எடுக்கும் முன் தூளிக் கயிற்றின் நுனியைக் காலில் ஒரு சுற்றுச் சுற்றிக்கொள்கிறார். பையன் நெளிந்தால் காலை ஓர் இழுப்பு இழுத்தால் போதும், கை நிற்க வேண்டியதில்லை.

'கைக்குழந்தை இருக்கிறது, வீட்டிலிருந்தே என்ன தொழில் செய்யலாம்?' என்பது வாசகிகள் விடாமல் கேட்கும் கேள்வி. கேக், சத்துமாவு, மசாலாப் பொடி, ஆரி, புடவை மடிப்பு, ரிட்டர்ன் கிஃப்ட், சீர்த்தட்டு அலங்காரம், வாட்ஸ்அப்பில் புடவை விற்பனை, டியூஷன் என்று ஒரு பட்டியலைப் போட்டு, கூடவே நான்கு வெற்றிக் கதைகளைச் சொல்லி முடித்துவிடுவது எங்கள் வழக்கம். அந்தக் கதைகளில் தொழில் வளர்ந்த வருடங்களில் குழந்தை யார் கையில் இருந்தது என்ற வரி மட்டும் இருக்காது. நாங்களும் கேட்டதில்லை. இந்த முறை அதைத்தான் கேட்டுக்கொண்டு போனோம்.

வேலையை விட்ட கதை

ஈரோட்டுக்காரர் பி.காம். படித்தவர். ஒரு பின்னலாடை நிறுவனத்தில் கணக்குப் பார்த்தவர். மகப்பேறு விடுப்பு 2017 முதல் சட்டப்படி 26 வாரம். 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் இருக்க வேண்டும் என்பதும் அதே சட்டத் திருத்தத்தில் வந்ததுதான். அப்படி ஒன்றைத் தன் அலுவலகத்தில் கேட்கலாம் என்றே அவருக்குத் தோன்றவில்லை. ஏழாம் மாதம் வளைகாப்புக்கு லீவு போட்டவர் திரும்பப் போகவில்லை.

2023இல் பொருளாதார நோபல் பெற்ற கிளாடியா கோல்டின், அமெரிக்காவின் நூறாண்டுக்கும் மேற்பட்ட தரவுகளைக் கிளறி இதைத்தான் காட்டினார். ஒரே படிப்பு, ஒரே வேலை என்று சேர்ந்தே நடக்கும் ஆண், பெண் வருமானம் பெருமளவு பிரிவது முதல் குழந்தை பிறக்கும் இடத்தில். அங்கேயே அப்படி என்றால் இங்கே தனியாகச் சொல்ல வேண்டாம். வெளி வேலை கைவிட்டுப் போன பிறகு மிச்சமிருக்கும் ஒரே கதவுதான் வீட்டுத் தொழில். அதை நாம் 'சுதந்திரம்' என்று விளம்பரம் செய்கிறோம்.

---
பெட்டிச் செய்தி: நாளில் எத்தனை நிமிடம்?

மத்தியப் புள்ளியியல் அமைச்சகத்தின் 2024ஆம் ஆண்டு நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு, ஆறு வயதுக்கு மேற்பட்டோர் நாளை எப்படிச் செலவிடுகிறார்கள் என்று கேட்டது. சம்பளமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடுவோரில் பெண்களின் சராசரி 289 நிமிடம், ஆண்களுடையது 88 நிமிடம்.

குழந்தைகள், முதியோர் பராமரிப்பில் 15 முதல் 59 வயதுப் பெண்களில் 41 சதவீதம் பேர் ஈடுபடுகிறார்கள், ஆண்களில் 21.4 சதவீதம். ஈடுபடும் பெண்ணுக்கு அது 140 நிமிடம், ஆணுக்கு 74.

2019இல் வீட்டு வேலைக்குப் பெண்கள் 299 நிமிடம், ஆண்கள் 97 நிமிடம் செலவிட்டார்கள். ஐந்து வருடத்தில் பெண்களுக்குப் பத்து நிமிடம் குறைந்திருக்கிறது. ஆண்களுக்கும் ஒன்பது நிமிடம் குறைந்துவிட்டது!

இனி தொழில் பக்கம். விவசாயம் அல்லாத, முறைசாராச் சிறு தொழில்களில் தனிநபர் நடத்துபவற்றை மட்டும் எடுத்துக்கொண்டால், பெண்கள் கையில் இருப்பவை 2022-23இல் 22.9 சதவீதம். 2023-24இல் 26.2 சதவீதம்.

---

நோட்டில் ஏறாத கூலி

திருச்சி ஸ்ரீரங்கத்தில் சத்துமாவு போடும் ஒருவர், பெயர் வேண்டாம் என்ற நிபந்தனையோடு தன் கணக்கு நோட்டைத் திறந்து காட்டினார். இரண்டு பிள்ளைகள். மூத்தவள் ஐந்தாம் வகுப்பு, சின்னவனுக்கு மூன்று வயது. மாவுக்கு ஊரில் நல்ல பெயர். மாதம் நாலு தடவை, தடவைக்குப் பத்துக் கிலோ போடுகிறார்.

ஒரு தடவைக்குச் செலவு இப்படி: தானியம், பயறு, முந்திரி, பாதாம், ஏலக்காய்க்கு 1,900 ரூபாய். மில்லில் அரவைக் கூலி 150. கேஸ் 120. பவுச், ஸ்டிக்கர் 250. மொத்தம் 2,420. அரைக் கிலோ பாக்கெட் 180 ரூபாய் வீதம் இருபது பாக்கெட் 3,600. லாபம் 1,180 என்று நோட்டில் சிவப்பு மையில் எழுதி வட்டம் போட்டிருந்தார்.

இருபதும் விற்குமா என்று கேட்டோம். விற்காது. நாத்தனாருக்கு ஒன்று, மாடிவீட்டு அக்காவுக்கு ஒன்று எப்போதும் போய்விடும். "சொந்தத்துக்கிட்ட எப்டிங்க காசு வாங்குறது?" அதைக் கழித்தால் 820.

அடுத்து, நோட்டில் இடமே இல்லாத ஒன்றை எழுதச் சொன்னோம். எத்தனை மணி நேரம்? தானியம் கழுவி முளைகட்ட இரண்டு. மொட்டை மாடியில் காயப்போட்டுக் காக்கை விரட்ட, மழை தூறினால் ஓடிப்போய் அள்ள, இரண்டு நாளில் ஆறு. கருகாமல் ஒவ்வொன்றாய் வறுக்க மூன்று. மில்லில் மிளகாய் அரைத்து முடியும்வரை காத்திருந்து அரைத்து வர இரண்டு. சலித்து, எடை போட்டு, ஒட்டி முடிக்க மூன்று. 'இதுல சுகர் இருக்கா', 'இன்னும் வரலையே' என்ற மெசேஜ்களுக்குப் பதில், கூரியர் ஆபீஸுக்கு நடை என்று நாலு. இருபது மணி நேரம்.

820ஐ இருபதால் வகுத்தால் மணிக்கு 41 ரூபாய். எட்டு மணி நேர நாளுக்கு 328. தமிழ்நாட்டில் 2025-26க்கு நூறு நாள் வேலையின் ஒரு நாள் கூலி 336. எட்டு ரூபாய் குறைவு.

அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "இதை அவர்ட்ட காட்டாதீங்க. அப்ப விட்ருனு சொல்லிருவாரு" என்றார். அந்த 820 ரூபாயை அவர் யாரிடமும் கேட்டு வாங்க வேண்டியதில்லை. மகளுக்கு ஜியோமெட்ரி பாக்ஸ் வாங்கக் கணவர் சட்டைப் பையைப் பார்க்க வேண்டியதில்லை. மணிக்கு 41 ரூபாய் என்ற கணக்குக்குள் அது அடங்காது என்பதை ஒப்புக்கொள்கிறோம். ஆனால் விலையைத் தீர்மானிப்பது அந்த நோட்டுதான். தன் கூலியை மணிக்கு 80 என்று வைத்தால் இருபது மணி நேரத்துக்கு 1,600. செலவோடு சேர்த்து விற்கிற பதினெட்டு பாக்கெட்டில் பிரித்தால் ஒன்று 223 ரூபாய் வருகிறது. 180க்கு வாங்குகிறவர் ஒவ்வொரு பாக்கெட்டிலும் 43 ரூபாயை அந்த அம்மாவிடமிருந்தே இனாமாக வாங்கிப் போகிறார். 'வீட்ல செய்றதுதானே, ஏன் இவ்ளோ ரேட்டு?' என்ற கேள்வி வேறு.

ஏழு பேர் பிரித்துக்கொண்டது

வீட்டுத் தொழில் என்றதும் எல்லோரும் எடுத்துக்காட்டும் கதை லிஜ்ஜத் அப்பளம். 1959 மார்ச் 15, மும்பை கிர்காவ். ஏழு பெண்கள், 80 ரூபாய் கடன், ஒரு மொட்டை மாடி. அவர்களில் ஒருவரான ஜஸ்வந்திபென் போபட்டுக்கு 2021இல் பத்மஸ்ரீ அறிவித்தார்கள். கதை அதோடு முடிந்துவிடுகிறது. அந்த அமைப்பு இயங்கும் விதம்தான் நமக்கு வேண்டியது.

கிளையில் மாவு பிசைந்து தயாராக இருக்கும். உறுப்பினர் காலையில் வந்து வாங்கிப் போகிறார், வீட்டில் அப்பளம் இட்டுக் காயவைக்கிறார், அடுத்த நாள் கொண்டுவந்து எடை போட்டுக் கொடுத்துக் கூலி வாங்குகிறார். சரக்கு வாங்குவது, விற்பது, பாக்கி வசூலிப்பது, கணக்கு எல்லாம் வேறு ஆட்கள் பொறுப்பு. வீட்டுக்குள் வருவது ஒரே ஒரு வேலை. குழந்தை அழுதால் குழவியை வைத்துவிட்டுப் போய் வரலாம்.

இன்றைக்கு ஒரு பெண் கேக் தொழில் தொடங்கினால் பொருள் வாங்குபவர், செய்பவர், போட்டோ எடுப்பவர், ரீல்ஸ் போடுபவர், பேரம் பேசுபவர், பார்சல் கட்டுபவர், கணக்கர் எல்லாம் அவரேதான். எட்டாவதாக அம்மா. நம் மகளிர் சுயஉதவிக் குழுக்களுக்கு 1989இல் தர்மபுரியில் தொடங்கிய நீண்ட வரலாறு இருக்கிறது. கடன் வாங்கவும் கட்டவும் கற்றுக்கொடுத்ததில் அவை சாதித்திருக்கின்றன. ஒரே தெருவில் தனித்தனியாக மாவு அரைக்கும் மூன்று பெண்கள் மில்லுக்கு ஒருவர், பேக்கிங்குக்கு ஒருவர், பிள்ளைகளைப் பார்க்க ஒருவர் என்று பிரித்துக்கொள்ளும் பழக்கம் மட்டும் பரவவில்லை. போட்டி என்று நினைக்கிறார்கள். ரெசிப்பியைத் திருடிவிடுவார்கள் என்ற பயமும் உண்டு.

யார் கையில் குழந்தை?

தாம்பரம் பக்கம் ஓர் அடுக்குமாடி. வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் புடவை விற்கும் இளம் அம்மா. நாளுக்கு ஏழெட்டுப் பார்சல் போகிறது. இவரால் எப்படி முடிகிறது? பதில் பக்கத்து அறையில் இருக்கிறது. அறுபத்திரண்டு வயது மாமியார், ஒன்றரை வயதுப் பேத்தியை இடுப்பில் வைத்துக்கொண்டு ஜன்னலில் காக்கா காட்டிச் சோறு ஊட்டுகிறார்.

"அத்தை இல்லைனா நான் ஒண்ணுமே இல்லை" என்கிறார் மருமகள் மனதாரவே. அத்தைக்கு இரண்டு முழங்காலிலும் தேய்மானம். மூன்று மாடி, லிஃப்ட் இல்லை. தொழிலின் வரவு செலவில் முழங்காலுக்கு வரி இல்லை. மாதா மாதம் அத்தை கையில் இரண்டாயிரம் கொடுக்கலாமே என்று கேட்டதும் இருவருக்கும் சங்கடம். "என் பேத்தியைப் பார்க்க எனக்கே கூலியா?" என்றார் பெரியவர். கொடுத்தால் வேண்டாம் என்பாரா என்று கேட்டோம். சிரித்தாரே தவிர, வேண்டாம் என்று சொல்லவில்லை.

நாங்கள் பார்த்தவரை, தாக்குப்பிடித்து நிற்கும் ஒவ்வொரு வீட்டுத் தொழிலின் பின்னாலும் இப்படி ஒரு கை இருக்கிறது. அம்மா, மாமியார், கல்யாணமாகாத தங்கை, சில இடங்களில் ஷிஃப்ட் வேலை பார்க்கும் கணவர். கைப்பக்குவமும் முதலும் அதற்குப் பிறகுதான். அந்தக் கை இல்லாத இடத்தில் தூக்கத்திலிருந்து எடுக்கிறார்கள். ஈரோட்டுக்காரர் இரவு இரண்டு மணிக்குப் படுத்து ஆறு மணிக்கு எழுகிறார்.

கணவர்களைப் பற்றி ஒரு சொல். "அவர் நல்லா ஹெல்ப் பண்ணுவார்" என்று எல்லா வீட்டிலும் சொன்னார்கள். பெரும்பாலும் கூரியர் ஆபீஸில் பார்சலைப் போடுவது, ஞாயிற்றுக்கிழமை பிள்ளையைப் பூங்காவுக்கு அழைத்துப் போவது. செவ்வாய்க்கிழமை மாலை ஆறிலிருந்து எட்டுவரை குழந்தை முழுக்க என் பொறுப்பு என்று நேரம் குறித்து ஏற்றுக்கொண்ட ஒருவரைக்கூட நாங்கள் சந்திக்கவில்லை. இருந்தால் எழுதுங்கள், போட்டோவோடு போடுகிறோம்.

அரசு தரப்பில் இருப்பதும் கொஞ்சமில்லை. தமிழ்நாட்டில் 54 ஆயிரத்துக்கும் மேற்பட்ட அங்கன்வாடிகள். 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கிய காலை உணவுத் திட்டத்தைப் பள்ளிப் பிள்ளைகளின் பசியோடு மட்டும் சேர்த்துப் பேசுகிறோம். அரசுப் பள்ளிக்குப் பிள்ளையை அனுப்பும் அம்மாவுக்கு அது காலையில் தோசை ஊற்றாத ஓர் அரை மணி நேரமும் கூட. ஆனால் அங்கன்வாடியின் விளையாட்டுக் கல்விக்குப் பிள்ளை இரண்டு வயதைத் தாண்ட வேண்டும். அதற்குள் என்ன செய்வது என்ற கேள்விக்குத் தெருவில் பதில் இல்லை. கடன் மேளா நடத்தும் ஒவ்வோர் இடத்திலும் ஒரு தொட்டில் அறை திறந்தால் அந்தக் கடன் ஒழுங்காகத் திரும்பும் என்பது எங்கள் துணிபு.

---
பெட்டிச் செய்தி: பார்சல் அனுப்பும் முன்

உணவுப் பொருள்: வீட்டில் செய்தாலும் எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. பதிவு கட்டாயம். சிறிய அளவில் செய்பவருக்கு உரிமம் தேவையில்லை, அடிப்படைப் பதிவு போதும். கட்டணம் ஆண்டுக்கு 100 ரூபாய். 14 இலக்க எண்ணைப் பாக்கெட்டில் அச்சிட வேண்டும்.

சோப்பு, ஹேர் ஆயில், ஃபேஸ்பேக்: இவை அழகுசாதனப் பொருள்கள். விற்பதற்காகத் தயாரித்தால் 2020ஆம் ஆண்டு விதிகளின்படி உற்பத்தி உரிமம் வேண்டும். 'மூலிகை', 'ஹோம்மேட்' என்று எழுதிவிட்டால் விலக்குக் கிடையாது. பலர் இங்கேதான் மாட்டுகிறார்கள்.

கைக்குழந்தை உணவு: ஆறு மாதம் முதல் இரண்டு வயதுவரையிலான குழந்தைக்கு என்று சொல்லி விற்கும் இணை உணவை விளம்பரம் செய்வதை 1992ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. '6 மாதப் பாப்பாவுக்கு ஏற்றது' என்று ஸ்டேட்டஸ் போடும் முன் யோசியுங்கள்.

ஜி.எஸ்.டி.: தமிழ்நாட்டுக்குள் பொருள் விற்பவருக்கு ஆண்டு விற்பனை 40 லட்சம் ரூபாய் வரை பதிவு தேவையில்லை. வரிக்குட்பட்ட பொருளைப் பெங்களூருக்கு அனுப்பினால் கதை வேறு. கைவினைப் பொருள் போன்ற சில விலக்குகள் தவிர, தொகை எதுவானாலும் பதிவு வேண்டும்.

உத்யம் பதிவு: ஆதாரும் பான் கார்டும் போதும், முற்றிலும் இலவசம். பணம் கேட்கும் தளம் அரசுத் தளம் அல்ல.

---

லேபிளில் வீட்டு விலாசம்

பாக்கெட்டில் தயாரிப்பாளரின் பெயர், முகவரி, புகார் சொல்ல ஒரு தொடர்பு விவரம் இருக்க வேண்டும் என்பது விதி. நுகர்வோருக்கு நல்லதுதான். கடை வைத்திருப்பவருக்கு அது கடை முகவரி. இவர்களுக்குப் பிள்ளைகள் தூங்கும் வீட்டு முகவரி.

சத்துமாவு நோட்டுக்காரருக்கு ஒரு வாரம் தொடர்ந்து இரவு பதினொரு மணிக்கு வீடியோ கால் வந்தது. நம்பரை பிளாக் செய்தார், வேறு நம்பரில் வந்தது. கணவர் சொன்ன தீர்வு, தொழிலுக்கும் தன் நம்பரையே கொடுத்துவிடலாம் என்பது. பிரச்சினை நின்றது. ஆர்டர் கணவர் ஃபோனுக்கு வந்தது, பணமும் அவர் கணக்கு வழியாகவே இவர் கைக்கு வந்தது.

இதன் விலை ஒரு வருடம் கழித்துத் தெரிந்தது. மாவு மெஷின் வாங்க முத்ரா கடன் கேட்டு வங்கிக்குப் போனார். சிஷு பிரிவில் 50,000 ரூபாய் வரை பிணையில்லாமல் தர வேண்டியது. கடந்த ஆறு மாத வரவைக் காட்டுங்கள் என்றார்கள். அவருடைய பாஸ்புக்கில் மகளிர் உரிமைத் தொகை ஆயிரம் ரூபாய் மாதா மாதம் ஏறியிருந்தது. மாவு விற்ற பணத்தில் ஒரு ரூபாயும் இல்லை. தொழில் இருக்கிறது, தொழிலதிபர் இருக்கிறார், காகிதத்தில் இருவருக்கும் சம்பந்தமில்லை.

ஆகவே முதல் ஆர்டருக்கு முன்பே தனி சிம், தன் பெயரில் தனி வங்கிக் கணக்கு, அதோடு இணைந்த கியூ.ஆர். அட்டை. மாவுக்கு எந்த அரிசி என்று யோசிப்பதற்கு முன் இதைச் செய்துவிடுங்கள்.

முதலாளி இல்லாத வேலைக்காரி

இன்னொரு வகையையும் சொல்லாமல் விட முடியாது. திருப்பூரில் பனியனுக்குப் பிசிறு வெட்டுபவர், ஆம்பூரில் ஷூ மேல்பாகம் தைப்பவர், நெல்லைப் பக்கம் பீடி சுற்றுபவர். இவர்களும் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு வீட்டில்தான் வேலை செய்கிறார்கள். சரக்கு ஏஜென்ட்டுடையது, விலையும் அவர் சொல்வதுதான். மின்சாரமும் இடமும் முதுகுவலியும் இவர்களுடையவை. வீட்டுவழித் தொழிலாளர்களுக்கான சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 177ஆம் உடன்படிக்கை 1996இல் வந்தது. இந்தியா இன்னும் ஏற்கவில்லை. தையல் தொழிலாளர்களுக்கு மாநிலத்தில் நல வாரியம் உண்டு. அட்டை எடுத்திருக்கிறீர்களா என்று நாங்கள் கேட்டவர்களில் பாதிப் பேர் அப்படி ஒன்று இருப்பதையே அன்றுதான் கேள்விப்பட்டார்கள்.

மூத்த பிள்ளைகளும் இதில் இழுபடுகிறார்கள். பள்ளி நேரம் போக, ஆபத்தில்லாத குடும்பத் தொழிலில் பிள்ளை உதவலாம் என்று 2016ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தம் இடம் கொடுக்கிறது. ஸ்ரீரங்கத்தில் ஐந்தாம் வகுப்பு மகள் ஸ்டிக்கர் ஒட்டுகிறாள், அழகாகவே ஒட்டுகிறாள். தம்பியைப் பார்த்துக்கொள்வதும் அவள்தான். காலாண்டுத் தேர்வு நடக்கும் வாரத்திலும் ஒட்டினாளா என்று அம்மாவிடம் கேட்டோம். பதில் சொல்லாமல் மகளைப் பார்த்தார். அந்த வாரம் நாற்பது பாக்கெட் போயிருந்தது.

ஈரோட்டில் மெரூன் ரவிக்கை சனிக்கிழமை மாலை கைமாறியது. 2,500 ரூபாய் பேசியது. மணப்பெண்ணின் அம்மா 2,200க்கு முடித்துக்கொள்ளலாமே என்று ஆரம்பித்தார். இந்த முறை இவர் ஒரு தாளை நீட்டினார். கல், முத்து, ஜரி நூல் என்று வரிசையாக எழுதி, கடைசி வரியில் 'கூலி, 23 மணி நேரம்' என்றும் இருந்தது. அந்த அம்மா அதைப் படித்தார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், 2,500ஐ எண்ணி வைத்தார்.

ஈரோட்டுக்காரர் இப்போது வாட்ஸ்அப் ப்ரொஃபைலில் 'காலை 10 முதல் மாலை 5 வரை மட்டும்' என்று போட்டிருக்கிறார். இரண்டு கஸ்டமர் போய்விட்டார்கள். அடுத்த மாதம் மகனுக்கு இரண்டு வயது முடிகிறது, தெருமுனை அங்கன்வாடியில் பெயர் கொடுத்தாயிற்று. அவன் போகத் தொடங்கினால் சட்டம் பரணிலிருந்து பகலில் இறங்கும்.